கயித்தான் தரை தட்டாத கதை

சங்கு குளிக்க இறங்கிய கயித்தான் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார் என்பதில் இலந்தைத்துறையில் யாருக்கும் மறுபேச்சு இருந்ததில்லை. எந்த ஆழத்துக்குப் போயிருப்பார் என்பதில்தான் டீக்கடையில் சண்டை வந்தது. அந்தச் சண்டையும் பழசாகி, சூடு ஆறி, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்ட காலத்தில்தான் அவருடைய மனைவி மெற்றில்டாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகளின் போன் வந்தது.

"அம்மா, டாக்டர் படுத்தே இருக்கணும்னு சொல்லிட்டாங்க. நான் அங்க வர முடியாது. நீ வா."

"எப்பிடி மக்கா வருவேன்?"

"பஸ்ல வா" என்றாள் ஜெனோவா. நர்ஸ் வேலை பார்ப்பவள், பிறருடைய பிரசவங்களில் பயப்படாதவள், தன்னுடையதற்குப் பயந்து போயிருந்தது குரலில் தெரிந்தது. "எனக்கு நீ பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

மெற்றில்டா போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள். பட்டாணியளவு நீலச்சுடர் ஒன்று, பாத்திரம் எதுவும் இல்லாமல், பல வருஷமாக எரிவதுபோல எரிந்துகொண்டிருந்தது.

சங்கு குளிக்கும் குளியாளி தண்ணீருக்குள் இருக்கும்போது அவன் பெண்டாட்டி மூன்று காரியம் செய்யக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்: அடுப்பை அணைக்கக் கூடாது, ஊர் எல்லையான உப்பளத்து ஓடைப்பாலத்தைத் தாண்டக் கூடாது, குளியாளியின் கயிற்றைத் தொடக் கூடாது. இந்த வழக்கத்தைப் போட்டவர்கள் காலையில் இறங்கி மதியச் சோற்றுக்கு ஏறிவரும் ஆண்களை நினைத்துப் போட்டார்கள், அதுவரை ஒரு பெண் எல்லைக்குள் இருப்பதும் ஓர் அடுப்பு கனிந்துகொண்டிருப்பதும் பெரிய பாடில்லை. கயித்தான் அந்தக் காலைக்கு இறங்கியவர்தான். அவருடைய மதியம்தான் இன்னும் வரவில்லை.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். தெளிந்த தண்ணீர், மீசை அரும்பிய நாளிலிருந்து அவர் இறங்கிப் பழகிய சங்குத்தரை, காலில் கட்டுக்கல், இடுப்பில் வலைப்பை, இடதுகையில் கயிறு. காற்றுக்குழாய் வைத்துக் குளிப்பவர்கள் பெருகிவிட்ட பிறகும் அவர் பழைய மாதிரி ஒரே மூச்சில் போய் வருபவர். ஆள் போன பிறகு கயிறு ஓடியது, ஓடி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலும் ஓடியது, பிறகு வேகம் குறைந்து, தூங்குகிற வீட்டில் மாடிப்படி இறங்குகிற மனிதரைப்போல நிதானமாகப் போகத் தொடங்கியது. எப்போதும் இருக்கிற இடத்தில் தரை அன்றைக்கு இருக்கவில்லை. கயிறு இரண்டு முறை இழுபட்டது. அந்தத் தொழிலில் ஓர் இழுப்புக்கு 'இழு' என்று பெயர், இரண்டு இழுப்புக்கு 'விடு' என்று பெயர். படகில் கயிறு பிடித்திருந்த இன்னாசி கயிறு விட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி இரண்டு இழுப்பு. மறுபடி விட்டான்.

இன்னாசி மெற்றில்டாவின் தம்பி. குளியாளியின் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், வேறு யாரும் பிடிக்கக் கூடாது. சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் சொத்துத் தகராறு ஞாபகம் வரலாம், சிநேகிதன் பிடித்தால் தூக்கம் வரலாம், ஆனால் அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் கண்ணயர மாட்டான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இன்னாசி கண்ணயரவில்லை. படகுக்காரர் லியோன் சம்மாட்டியின் கயிறெல்லாம் தீர்ந்து, பக்கத்துப் படகின் கயிறும் தீர்ந்து, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே கரைக்கு வந்து, படகு கட்டும் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை இடதுகையில் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். மறுநாள் காலையில் யாரோ அவன் தலைக்கு மேல் ஓலைப்பந்தல் போட்டார்கள். அதோடு அது ஊர்க்காரியம் ஆகிவிட்டது.

மூச்சுக்கு என்ன செய்வார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். "எறங்கும்போது எடுத்த மூச்சுதான்" என்பார்கள் இலந்தைத்துறைக்காரர்கள். கயித்தான் பேச்சில் மூச்சைச் செலவழிக்காதவர் என்பதும், ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வெளியே வரும்வரை 'ம்' என்ற ஒரு சொல்லில் சமாளிக்கக் கூடியவர் என்பதும் எல்லாருக்கும் தெரியும், அப்படிச் சேர்த்துவைத்த மூச்சு எத்தனை காலம் வரும் என்று யார் கணக்குச் சொல்ல முடியும்?

கயிறு கேட்டுக்கொண்டே இருந்தார். ஊரும் கொடுத்துக்கொண்டே இருந்தது. வலைக்கயிறு, கிணற்றுக்கயிறு, துணி காயப்போடும் நீலக்கொடி, தொட்டில்கயிறு, கட்டில் நாடா, மாதா கோயில் மணிக்கயிறு என்று எல்லாம் போயின, பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் இருந்து பழைய தேர்வடம் ஒன்று லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. அவர் கேட்கும்போது இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்று முன்கூட்டியே முடிந்துவைத்த கயிறு பந்தலுக்குப் பின்னால் வைக்கோற்போர் உயரத்துக்குச் சுருண்டு கிடந்தது. இன்னாசி குளிக்கவும் சாப்பிடவும் எழுந்திருக்க வேண்டும் என்பதால் மச்சான் முறை உள்ளவர்களெல்லாம் மாற்றிப் பிடிக்கலாம் என்று முடிவானபோது, அதுவரை கயித்தானுக்கு என்ன உறவு என்றே யோசித்திராதவர்கள் மூன்று தலைமுறை தோண்டி முறை கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள், கொஞ்சநாள் கழித்து அதே ஆட்கள் அதே மூன்று தலைமுறையைத் தோண்டித் தாங்கள் உண்மையில் சித்தப்பா முறை என்று நிரூபித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் இன்னாசிதான் மிஞ்சினான். அவனுக்கு ஒரு பெண் பேசி வந்தபோது, மாப்பிள்ளை மாலையை ஒற்றைக் கையால்தான் போடுவாரா என்று பெண்ணின் அப்பா விசாரித்தார். ஆமாம் என்றார்கள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

கயித்தானுக்கு மணி அடிக்கவும் முடியவில்லை. கடலுக்குப் போனவன் கரை தட்டணும், இல்லை தரை தட்டணும், இரண்டில் ஒன்று நடந்தால்தான் மாதா கோயிலில் துக்கமணி. கயித்தான் இரண்டும் தட்டவில்லை. ஆகவே மெற்றில்டா சுமங்கலியும் இல்லை, தாலி அறுத்தவளும் இல்லை. விசேஷ வீடுகளில் அவளை எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்று தெரியாமல் சமையல் பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

பிறகு உமையாள் வந்தாள். காரைக்குடிக்காரி, கடலடி மண்ணைப் படித்தவள், ஏதோ ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் வேலை. உலகத்தில் எந்தக் கப்பலும் இத்தனை காலம் விடாமல் ஒரே கயிற்றைக் கீழே அனுப்பியதில்லை என்று கேள்விப்பட்டு, கயிற்றில் தன்னுடைய தெர்மாமீட்டர்களைக் கட்டிவிட அனுமதி கேட்டு வந்தவள். யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் ஊர்க்கமிட்டியிடம் கேட்டாள், அவர்கள் மாதா கோயில் பங்குச்சாமியிடம் அனுப்பினார்கள், அவர் இன்னாசியிடம் அனுப்பினார், இன்னாசி மெற்றில்டாவைக் கை காட்டினான்.

"கட்டுறதக் கட்டுங்க" என்றாள் மெற்றில்டா. "ஆனா அவிய எங்க இருக்காவன்னு எனக்குச் சொல்லணும்."

அப்படித்தான் அந்த ஊர் கடலைப் படித்தது. அதுவரை மேலேயிருந்து வலை எட்டுகிற அளவுக்குத்தான் அவர்களுக்குக் கடல். அதற்குக் கீழே இருப்பதற்கு 'கசம்' என்று ஒரே ஒரு பெயர், அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயம் காட்டுவார்கள். உமையாள் மாதம் தவறாமல் வந்து கயித்தானின் பின்னாலேயே அந்தக் கசத்தைப் படிபடியாகத் திறந்து காட்டினாள். கடலில் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்காது என்றாள். மணல் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும், வண்டல் அதைவிட மெதுவாகப் போகும், களிமண்ணின் மிக நுண்ணிய தூள் போய்ச் சேர வருஷக்கணக்கு ஆகும், இவர் களிமண்ணின் வேகத்தில் போகிறார். ஊர் தலையாட்டியது. அவர் எதற்கும் அவசரப்பட்டவர் இல்லையே.

சூரிய வெளிச்சம் முடிகிற இடத்தை அவர் தாண்டிவிட்டார் என்று அவள் சொன்ன அன்றைக்கு, உச்சிவெயிலில், ஒவ்வொரு வீட்டிலும் வாசல்விளக்கைப் போட்டு வைத்தார்கள். அதற்குக் கீழே ஓயாமல் ஒரு பொழிவு உண்டு, மேலே செத்த சிற்றுயிர்களும் செதிலும் கழிவும் தூள்தூளாக இரவும் பகலும் விழுந்துகொண்டே இருக்கும், மேலே தின்பவர்கள் சிந்துவதுதான் கீழே இருப்பவர்களுக்குச் சோறு என்று சொன்னபோது, பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பிடிச் சோற்றை அலையில் தூவத் தொடங்கினார்கள், அது இன்னும் நிற்கவில்லை. பிராணவாயு குறைந்த ஒரு தட்டு வருகிறது, மீன்கள்கூட அங்கே மூச்சைச் சிக்கனமாக வைத்திருக்கும் என்று கேட்ட பிறகு, அவர் அதைக் கடக்கும்வரை டீக்கடையில் யாரும் யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை. பிறகு குளிர். தென்துருவத்துப் பக்கத்தில் கனத்து மூழ்கிய தண்ணீர் கடலின் அடியில் ஊர்ந்து ஊர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, பல நூறு வருஷமாக அது வெயிலைப் பார்த்ததில்லை என்றாள் உமையாள். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவர் தன்னுடைய காஷ்மீர்க் கம்பளியைக் கொண்டுவந்து கயிற்றில் வளையம்போலக் கட்டி வழுக்கவிட்டார். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அடுத்த இழுப்பு கொஞ்சம் இதமாக இருந்ததாக இன்னாசி சொன்னான்.

இலங்கைக்குத் தெற்கே கயிறு சாய்ந்திருந்த நாட்களில், அங்கே கீழே படிந்திருப்பது கங்கை கொண்டுவந்து கொட்டிய இமயமலைச் சேறு என்று அவள் சொன்னதைக் கேட்டு லியோன் சம்மாட்டி வாயைப் பிளந்தார். "திருச்செந்தூருக்கு அந்தாண்ட போகாத மனுசன். இமயமலைக்குப் போயிட்டாரே, அதுவும் கீழ் வழியா."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ஊரால் ஒன்றை மட்டும் தாங்க முடியவில்லை. ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே சங்கு கரைந்துவிடும் என்றாள் உமையாள்.

"சங்கா?" என்றார் சம்மாட்டி.

"சுண்ணாம்புதானே சார். அந்த ஆழத்துத் தண்ணிக்குச் சுண்ணாம்பைக் கரைக்கிற குணம் உண்டு. மேல இருந்து விழுற சிப்பி, சங்கு எல்லாமே அந்த எல்லைக்குக் கீழ கொஞ்சம் கொஞ்சமா இல்லாமப் போயிடும். அதனாலதான் அதுக்கும் கீழே தரையில் சிப்பி கிடைக்காது. வெறும் செம்பழுப்புக் களிமண்தான்."

"சங்கு சுட்டாலும் வெள்ளையாத்தானம்மா இருக்கும்."

"சுட்டா இருக்கும். இது கரையும்."

கயித்தான் அந்த எல்லையைத் தாண்டியாகிவிட்டது என்று அவள் சொன்னது மெற்றில்டாவிடம் மட்டும். இடுப்பு வலைப்பையில் அவர் எடுத்துப் போட்டிருக்கக் கூடிய சங்கெல்லாம் இப்போது இருக்காது. ஜெனோவாவின் போன் வந்தது அதற்குச் சில நாட்கள் கழித்து.

அடுத்த முறை உமையாள் வந்தபோது மெற்றில்டா அவளுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். தரை எப்போது தட்டும் என்று கேட்டாள். அதுவரை அவள் கேட்காத கேள்வி அது.

"சொல்ல முடியாதும்மா" என்றாள் உமையாள். "தரைன்னா நீங்க நினைக்கிற மாதிரி கெட்டியா இருக்காது. தண்ணி எங்க முடியுது, சேறு எங்க தொடங்குதுன்னே தெரியாது. ஆயிரம் வருஷத்துக்கு நகக்கண் அளவு சேருற மண்ணு. அது மேல ஒண்ணு விழுந்தா சத்தம்கூட இருக்காது. போதாததுக்குத் தரையும் இறங்கிட்டுத்தான் இருக்கும்."

"தரையுமா?"

"புதுசா பிறக்குற இடத்துல சூடா மேடா இருக்கும். அங்கிருந்து நகர நகர ஆறும், ஆற ஆற அமுங்கும்."

"அப்ப தட்டினாலும் நமக்குத் தெரியாது."

"தெரியாது."

மெற்றில்டா அடுப்புச் சுடரைப் பார்த்தாள். "எம் மவளுக்கு நாள் நெருங்கிட்டு" என்றாள். "ஊர்ல கேட்டா தரை தட்டட்டும்னு சொல்லுவாவ. தட்டினா தெரியாதுங்கிய நீங்க."

உமையாள் காப்பியைக் குடித்தாள். பிறகு, பேச்சை மாற்றுகிறவளைப்போல, "அவர் என்ன சொல்லிட்டு இருக்கார், அந்த ரெண்டு இழுப்புல?" என்று கேட்டாள். அவள் தொழில்காரி இல்லை, அவளுக்குத் தெரியாது.

"விடு."

"எதை?"

"கயித்தத்தான்" என்று சொல்லிய மெற்றில்டாவின் வாய் அப்படியே நின்றது. காப்பித் தம்ளர் காலியான பிறகும், உமையாள் பஸ்ஸுக்குப் போன பிறகும், அந்த ஒற்றைச் சொல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

ஏனென்றால் அவளுக்கு அந்த 'விடு' தெரியும். ஜெனோவாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போனது. அதன் சின்னச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சாப்பிடாமல் கிடந்தபோது, கயித்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளுடைய உள்ளங்கையை எடுத்து இரண்டு முறை அழுத்தினார். "விடு மெற்றி" என்று ஒரு தடவை சொன்னார், பிறகு அதைக்கூடச் சொல்லவில்லை, அழுத்தினார், அவ்வளவுதான். பிறகு எத்தனையோ காரியத்துக்கு அந்த இரண்டு அழுத்தல் வந்திருக்கிறது: தொலைந்த கம்மலுக்கு, நாத்தனார் சொன்ன ஒரு சொல்லுக்கு, புயலில் போன கூரைக்கு. இத்தனை வருஷமாகக் கயிறு வழியாக வந்துகொண்டிருந்ததும் அதேதானோ என்று அவள் நினைத்தாள், நினைத்த பிறகு அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊர்க்கூட்டத்தில் அவள் அதைச் சொன்னாள்.

"விடுன்னா கயிறு விடு" என்றார் லியோன் சம்மாட்டி. "நம்ம தொழில்ல அதுக்கு வேற அர்த்தம் கெடையாது."

"மழை விட்டுட்டுன்னு சொல்லுதோம். மழைக்கு நாமளா கயிறு குடுத்தோம்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒருவன், "பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னும் சொல்லுதோம்" என்றான். இன்னொருவன், "எம் பொண்டாட்டி தெனமும் விடு விடுங்கா, நானும் கயித்தத்தான் சொல்லுதான்னு இருந்துட்டேன்" என்றான்.

"நான் பாட்டிலையில்லா விடச் சொன்னேன்" என்றாள் அவன் பெண்டாட்டி பெண்கள் பக்கமிருந்து.

சிரிப்பு அடங்கியதும் பங்குச்சாமி மெதுவாகப் பேசினார். "மெற்றில்டா, மகளுக்காக நீ படுற பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனா குளியாளி பேசுவான், கயிறு பிடிக்கிறவன் கேட்பான், அதுக்கு மேல பொருள் சொல்ல நமக்கு யாரு அதிகாரம் குடுத்தா? அவர் கயிறுதான் கேட்டிருந்தா? நாம கயித்தை விட்டுட்டு நீ எல்லை தாண்டிப் போன பிறகு அவர் இழுன்னு சொன்னா?"

அது எல்லாருக்கும் உள்ள பயம். அதைச் சாமியே சொல்லிவிட்டார். சன்னல் ஓரம் நின்றிருந்த இன்னாசியைப் பார்த்தார்கள். பந்தலில் அவனுக்குப் பதிலாகத் தூரத்து மச்சான் ஒருவன் ஒரு மணி நேரத்துக்கு உட்கார்ந்திருந்தான், ஆனால் இன்னாசியின் இடதுகை மூடியேதான் இருந்தது.

"கயித்த விட்டா அக்கா அறுத்தவ ஆயிருவா" என்றான் இன்னாசி. "நான் விடமாட்டேன்."

"நீ பிடிச்சிருக்கது அத்தானை இல்லலே" என்றாள் மெற்றில்டா. "என்னையத்தான்."

அவன் கடற்கரைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை அவள் பந்தலுக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் சோற்றுச்சட்டியை வைத்துவிட்டுத் திரும்பியதைத் தவிர அந்த நிழலுக்குள் அவள் நின்றதில்லை. இன்னாசி நகர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு தடவ குடு."

"பொண்டாட்டி தொடக்கூடாதுக்கா."

"தொட்டா என்ன ஆகும்?"

"தெரியாது. யாரும் தொட்டதில்ல."

"அப்பத் தெரிஞ்சிக்கிடுவோம்."

அவன் கயிற்றைக் கொடுக்கவில்லை, மறைக்கவுமில்லை. அவன் கைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் தன் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர் வெயிலைப் பார்க்காத தண்ணீரிலிருந்து முடிச்சு முடிச்சாக ஏறி வந்திருந்தது. அதற்குள்ளே மிக மெல்லிய ஒரு நடுக்கம், இருட்டையும் பொழிவையும் மூச்சுக்குறைந்த தட்டையும் சங்கு கரையும் எல்லையையும் தாண்டி வருகிற நடுக்கம். பெண்டாட்டியை ஏன் தொடவிடாமல் வைத்தார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. தொட்டால் அடுத்த நிமிஷமே இழுத்துவிடுவாள். அவளுக்கும் இழுக்கத்தான் தோன்றியது, இரண்டு கையாலும், காலை மணலில் ஊன்றி, ஊரையே கூட்டிவைத்து இழுக்கத் தோன்றியது. அந்த ஆசை அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு கயிற்றை இரண்டு முறை அழுத்தினாள், ஒரு உள்ளங்கையை அழுத்துவதுபோல.

அது போய்ச் சேர நேரம் ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். செய்தி பரவி ஊர் கடற்கரைக்கு வந்தது. குற்றம் சொல்ல வந்தவர்கள்கூட அது இப்போது எந்தத் தட்டில் போய்க்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ அண்டாவில் சோறு வடித்தார்கள். சாமி வந்து நின்றார், கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாற்காலி கேட்டார். உமையாளுக்குப் போன் போட்டுச் சொல்ல, அவள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வெயில் ஏறும் நேரத்தில் பதில் வந்தது. இரண்டு இழுப்பு இல்லை. ஓர் இழுப்பும் இல்லை. இத்தனை வருஷமாக விறைத்திருந்த கயிறு, சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆளின் பாய்போல, தளர்ந்தது.

குளியாளியின் கயிறு இடுப்பில் கட்டப்படுவதில்லை. அவன் கையால்தான் பிடித்திருப்பான். அந்தக் கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை அதுவரை ஒருவரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மேலே பிடித்திருக்கிறார்களே என்றுதான் அவர் கீழே பிடித்திருந்தார்.

இன்னாசியின் கைகள் தாமாகவே கயிற்றை உள்ளே இழுக்கத் தொடங்கின.

"இழுக்காத" என்றாள் மெற்றில்டா.

"அத்தான் கையில இல்லக்கா."

"தெரியும்."

அவள் எழுந்து போய்க் கல்தூணில் சுற்றியிருந்த சுற்றைக் கழற்றினாள். கடலுக்குள் தொங்கிய அத்தனை கயிற்றின் பாரமும் மிச்சத்தைத் தன்பக்கம் இழுக்க, பந்தலுக்குப் பின்னால் இருந்த கயிற்றுப்போர் அவிழத் தொடங்கியது. இன்னாசியால் கையைத் திறக்க முடியவில்லை; மூடிய கைக்குள்ளேயே, வளையத்துக்குள் போவதுபோல, கயிறு வழுக்கிக்கொண்டு போனது. ஊர் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றது. யாரும் சொல்லாமலே ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். ஒவ்வொரு முடிச்சாக, ஒவ்வொரு வீடாக, மணலைக் கீறிக்கொண்டு கயிறு போனது. "அது எங்க வீட்டுக்கொடி" என்று ஒருத்தி அடுத்தவளிடம் மெல்லச் சொன்னாள். ஒருத்தி தன் மூன்று பிள்ளைகளும் ஆடிய தொட்டில்கயிறு தன்னைத் தாண்டிப் போகும்போது குனிந்து தொட்டுக் கும்பிட்டாள். வலைக்கயிறு போனது, கட்டில் நாடா போனது, தேர்வடத்தின் மிச்சம் உரசிக்கொண்டு போனது.

"என்னோட தெர்மாமீட்டர் எல்லாம் போகுது" என்றாள் உமையாள், பிறத்தியாருடைய பொருளைப் பற்றிச் சொல்வதுபோல.

மதியத்துக்குப் பிறகு கடைசி நுனி ஒரு முறை அலையில் நிமிர்ந்து, உள்ளே போனது. சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு மெற்றில்டாவின் பக்கத்தில் வந்தார்.

"மணி அடிக்கச் சொல்லட்டா? தரை தட்டியாச்சா?"

"தட்டும்போது தட்டட்டும் சாமி" என்றாள் அவள். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வீட்டுக்குப் போய் அடுப்பின் குமிழைத் திருப்பினாள். சுடர் போன சத்தம் வீட்டில் தனியாகக் கேட்டது. ஒரு பையில் நாலு சேலையும், இன்னொரு பையில் ஜெனோவாவுக்குக் கருப்பட்டியும் சுக்கும் கருவாடும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது இன்னாசி வாசலில் நின்றுகொண்டிருந்தான், வேறு எங்கே நிற்பது என்று தெரியாதவனைப்போல.

"நீயும் வா" என்றாள்.

"நான் எதுக்குக்கா?"

"பிள்ளையத் தூக்க ஆள் வேண்டாமா? நீதானல அவளுக்குத் தாய்மாமன். ஆனா ரெண்டு கையும் வேணும்."

அவன் வலதுகையால் கருப்பட்டிப் பையை வாங்கிக்கொண்டான்.

பஸ்ஸில் கூட்டமில்லை. கண்டக்டர் இலந்தைத்துறைக்காரன்தான், மெற்றில்டாவைப் பார்த்ததும் எங்கே போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தவன், கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டான். உப்பளங்கள் இருபக்கமும் வெள்ளையாகத் தொடங்கின. இன்னாசியின் இடதுகை மடியில் மூடிக் கிடந்தது, உள்ளே கயிறு இருக்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு. மெற்றில்டா அதைத் தன் மடிக்கு எடுத்து வைத்துக்கொண்டாள்.

பெருவிரலை முதலில் நிமிர்த்தினாள். அது மரக்கொம்புபோல இருந்தது, கொஞ்சம் தேய்த்துவிட்டதும் வந்தது. ஆள்காட்டிவிரல் மடங்கி மடங்கித் திரும்பப் போனது.

"வலிக்கா?"

"இல்ல. கூசுது."

"பொறு."

நடுவிரலுக்கு அதிக நேரமானது. கயிறு அறுத்து அறுத்துக் காய்ப்பேறிய தோல், அதன் நடுவே வெயில் படாத ஒரு வெளுத்த கோடு, அதில் கீழே இருந்து வந்த ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. முந்தானையால் துடைத்தாள். மோதிரவிரல் வந்தது. சுண்டுவிரலைக் கடைசியாக எடுத்து, உடைந்துவிடும் என்று பயப்படுகிறவளைப்போல மெல்ல மெல்ல நீட்டினாள். அது நிமிர்ந்து, முழுக்கையும் அவள் மடியில் விரிந்து கிடந்தபோது, இருவரும் வெளியே பார்த்தார்கள். உப்பளம் முடிந்து வெகுநேரமாகி, பருத்திக்காடு ஓடிக்கொண்டிருந்தது. ஓடைப்பாலம் எப்போது கடந்து போனது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.